செங்கானூர் வளைவில் மழை

"மழை வருமா?" என்று கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் ஒரு கட்டத்தில் "மழை வந்ததா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு டாக்டர் செண்பகவல்லியும் ஒரு காரணம்.

அவள் கோவில்பட்டிக்காரி. பெங்களூரில் ஆராய்ச்சி, இங்கிலாந்தில் ஏழு வருடம், பிறகு சென்னை. எங்கே இருந்தாலும் ஒரே வேலைதான். கணினி ஒரு வானத்தைக் கணிக்கும். வெளியே இருக்கும் வானத்தைக் கருவிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அளக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. எதை எவ்வளவு நம்பி இரண்டையும் ஒன்றாகக் கலப்பது என்பதை அவள் முப்பது வருடமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நாளைய வானத்துக்காகச் செய்த அந்தக் கணக்கைப் பின்னோக்கித் திருப்பியபோது பிறந்ததுதான் 'நேற்றைய வானம்' என்ற ஆப்.

பழைய கப்பல் குறிப்புகள், விமான நிலையப் பதிவுகள், ரேடார் படங்கள், மழையில் மங்கிப்போன செல்போன் கோபுரச் சமிக்ஞைகள் என்று கிடைத்ததையெல்லாம் அதற்குள் கொட்டினார்கள். கடந்த ஐம்பது வருடத்தில் எந்தத் தெருவில், எந்த மணிக்கு வானம் எப்படி இருந்தது என்று அது சொன்னது. ஜனங்கள் கொண்டாடினார்கள். பிள்ளை பிறந்த நேரத்தில் தூறல் விழுந்ததா, கல்யாண ஊர்வலத்தன்று நிலா தெரிந்ததா என்று தேடித் தேடிப் பார்த்தார்கள். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிகள் பார்த்தன. பிறகு நீதிமன்றங்கள். கடைசியில், சாப்பாட்டு மேஜையில் யாராவது "அன்னிக்கு அடைமழை" என்று ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் போனை எடுத்துப் பார்த்து "இல்லையே" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

ஆப் வெளியான முதல் வாரத்தில் செண்பகவல்லியும் ஒரு தேதியைத் தட்டிப் பார்த்தாள். அவள் கணவர் சிதம்பரநாதன் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. கல்யாணமான புதிதில் இருவரும் குற்றாலத்திலிருந்து இலஞ்சி வரை சாரலில் நடந்தே போன நாள் அது. திரையில் 'வானம் தெளிவு' என்று வந்தது. மலையடிவாரத்தில் அந்தக் கணக்கு எவ்வளவு தப்பும் என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் கிடையாது. அப்படியும், அதற்குப் பிறகு அந்த நாளை நினைத்தால் வெயில்தான் வந்தது. பழைய சாரலை வலிந்து கொண்டுவருவாள். அது வந்த வேகத்தில் காய்ந்துவிடும். இரண்டில் எது தன்னுடையது என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை.

சிவகனி அவளைத் தேடி அலுவலகத்துக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். முப்பது வயதிருக்கும். டயாலிசிஸ் வார்டில் நர்ஸ் என்று சொன்னாள்.

"எங்கப்பா ஜெயில்ல இருக்காரு மேடம். உங்க நேற்றைய வானம்தான் உள்ள அனுப்பிச்சு" என்றாள். குரலில் கோபம் இல்லை. நோயாளியின் படுக்கை எண்ணைச் சொல்வதுபோல் சொன்னாள்.

அவளுடைய அப்பா பலவேசம் மினிபஸ் டிரைவர். தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் செங்கானூர் என்றொரு ஊர். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் சாலை கால்வாயை ஒட்டி வளைகிறது. எட்டு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆகஸ்டு மாதச் சாயங்காலம், பலவேசம் ஓட்டிய பஸ் அந்த வளைவில் வழுக்கிக் கால்வாய்க்குள் உருண்டது. நான்கு பேர் இறந்தார்கள். திடீரென்று மழை கொட்டியது, கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, சக்கரம் வழுக்கிவிட்டது என்று பலவேசம் சொன்னார். பயணிகளும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள்.

"கேஸ் வருஷக்கணக்கா இழுத்துச்சு. அதுக்குள்ள உங்க ஆப் வந்துருச்சு. அந்த நேரத்துக்கு 'வானம் தெளிவு'ன்னு காட்டிச்சு. அதைப் பார்த்துட்டு ஒவ்வொருத்தரா மாறினாங்க. எல்லாரும் கால்வாய்க்குள்ள விழுந்து நனைஞ்சவங்கதானே, அதைத்தான் மழைன்னு நினைச்சிட்டோம்னு சொன்னாங்க. போலீஸ் வந்தப்ப ரோடு காஞ்சிருந்துச்சு. இல்லாத மழைக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டாருன்னு ஜட்ஜ் எழுதினாரு. அஞ்சு வருஷம்."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

சிவகனி கைப்பையின் வாரைச் சுருட்டினாள். "நான் ரெண்டு வருஷமா அவரைப் பார்க்கப் போகலை மேடம். கண்ணசந்துட்டேன்னு ஒத்துக்கிட்டிருந்தா போயிருப்பேன். நாலு உசுரு போயிருக்கு, அப்பவும் மழை மழைன்னா எப்படி? அவரை வெளிய எடுங்கன்னு கேக்க நான் வரலை. அவரு பொய் சொல்லுதாரா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும்."

கடைசி வாக்கியத்தில் ஊர்ப் பேச்சு எட்டிப் பார்த்தது. செண்பகவல்லி நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

"உங்க வார்டுக்கு வழக்கமா வர்ற நோயாளி ஒருத்தர். இன்னைக்கு அவரு பி.பி. இவ்வளவு இருக்கும்னு உங்க மனசுல ஒரு கணக்கு இருக்குமில்ல?"

"இருக்கும்."

"மெஷின் வேற ஒண்ணு காட்டினா?"

"மறுபடி பார்ப்போம். மெஷின் கோளாறா, ஆளு கோளாறான்னு யோசிப்போம். ரெண்டையும் வச்சு ஒரு முடிவுக்கு வருவோம்."

"நான் செய்யறதும் அதேதான். மனசுல இருக்கற கணக்குக்குப் பதில் கணினி, நோயாளிக்குப் பதில் வானம்."

சிவகனி கேட்டாள்: "அன்னைக்கு எங்க ஊர் வளைவுல பி.பி. பார்த்தது யாரு மேடம்?"

செண்பகவல்லி அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கினாள். ரேடாரின் பார்வையை மலை மறைத்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு மழைமானிகூடக் கிடையாது. இருந்த ஒரே கருவி தென்காசியில், மலையிலிருந்து தள்ளி.

"யாரும் பார்க்கலை" என்றாள்.

"அப்ப 'தெளிவு'ன்னு எப்படிப் போட்டீங்க?"

"அது கணிப்பு. எவ்வளவு நம்பலாம்னு உள்ளே ஒரு வரி இருக்கு. ஆப்ல அந்த வரி வராது. படிக்கறவங்க குழம்பறாங்கன்னு எடுத்துட்டாங்க."

"டாக்டர்கிட்ட நான் அப்படி ரிப்போர்ட் கொடுத்தா என் வேலை போயிரும்" என்றாள் சிவகனி.

ஆப்பை நடத்திய வானிலை மையத்தின் தலைவர் ஹரிகேசவன், செண்பகவல்லியோடு இருபது வருடம் சேர்ந்து வேலை பார்த்தவர். அவள் மறுநாள் அவர் அறைக்குள் நுழைந்து ஒரு தாளை வைத்தாள். அந்த வளைவுக்கு, அந்த மணிக்கு, நடந்திருக்கக்கூடிய ஐம்பது வானங்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்திருந்தாள். ஏழு வானங்களில் மழை கொட்டியது.

"அப்போ நாற்பத்துமூணுல கொட்டலை" என்றார் ஹரிகேசவன்.

"ஏழு இருக்கும்போது தெளிவுன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கோம், ஹரி. அதை வச்சு ஒருத்தர் உள்ள இருக்கார்."

"சரி. அந்த ஏழுங்கற எண்ணை எப்படி ஏத்துவே? புதுசா அளவீடு எங்கே இருக்கு?"

"பஸ்ல இருந்தவங்க ஞாபகம்."

அவர் சிரித்துவிட்டார். அவள் விடவில்லை. "ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு கப்பல் கேப்டன் 'பலத்த காற்று'ன்னு எழுதினதை எடுத்துக்கிட்டோமே? அதுவும் ஒரு மனுஷன் சொன்னதுதானே?"

"அவன் நம்ம ஆப்பைப் பார்த்துட்டு எழுதலை. இவங்க எல்லாரும் பார்த்துட்டாங்க. கணிப்பைப் பார்த்துட்டுச் சொல்ற அளவீடு அளவீடே இல்லை. கணிப்பு தன்னையே கண்ணாடியில பார்த்துக்கற மாதிரி. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான், செண்பகா."

அவர் சொன்னது சரி. நாட்டில் மழையைப் பற்றிய ஞாபகம் யாரிடமும் சொந்தமாக இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் காபி போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தாள். வழக்கம்போல இலஞ்சிச் சாலை நினைவுக்கு வந்தது. வழக்கம்போல வெயில். சிதம்பரநாதன் முன்னால் நடக்கிறார். நாலு அடிக்கு ஒரு தடவை நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டுகிறார். "உனக்கென்னடி, கண்ணாடி போடாத மகராசி" என்கிறார்.

காபி டம்ளர் பாதியில் நின்றது.

வெயிலில் எதற்கு ஒருவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டுகிறார்?

வானத்தை மட்டும்தான் ஆப் மாற்றியிருந்தது. அவருடைய கையை மாற்றவில்லை. துடைக்கும் கையைப் பற்றி யாரும் ஆப்பில் தேடுவதில்லை.

ஒரு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு செண்பகவல்லி தென்காசிக்குப் போனாள். லாட்ஜில் தங்கி, தினமும் காலையில் ஒரு பஸ் பிடித்துச் செங்கானூருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் போய்வந்தாள். அந்த விபத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சி என்று மட்டும் சொன்னாள். எதை ஆராய்கிறாள் என்று சொல்லவில்லை. சொன்னால் எல்லோர் மனதிலும் வானம் வந்து உட்கார்ந்துவிடும். சிவகனியையும் கூட அழைத்துக்கொள்ளவில்லை, டிரைவர் மகள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பகல் முழுக்க யாரோ ஒருவர் வாழ்க்கையின் மிக மோசமான நாளைக் கேட்டுவிட்டு, அறைக்கு வந்து தனியாகச் சாப்பிட்டாள். பேசுகிறவர்களின் சம்மதத்தோடு போனில் பதிவு செய்துகொண்டாள். மழை என்ற வார்த்தையை ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லை.

வெற்றிலைக்கடை வைத்திருந்த சாகுல் அமீது, பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் இருந்தவர். நல்ல வெயில் என்று தானாகவே சொன்னார். டிரைவர் எப்படிப்பட்ட ஆள் என்று செண்பகவல்லி கேட்டாள்.

"தங்கமான மனுசன். ஒரே ஒரு பழக்கம்தான் கெட்ட பழக்கம். கோர்ட்டுல நான் அதைச் சொல்லல பாத்துக்கிடுங்க. ஏற்கெனவே நொந்து கெடக்காரு, நாம வேற எதுக்குன்னு விட்டுட்டேன்."

"என்ன பழக்கம்?"

"பொகையில. அன்னைக்கும் வண்டிய ஓரங்கட்டி, 'பாய், ஒரு துண்டு பொகையில குடுங்க'ன்னு வாங்கினாரு. வாங்குன ரெண்டு நிமிசத்துல வளைவு வந்துட்டு."

அதற்கு என்ன அர்த்தம் என்று செண்பகவல்லிக்கு அப்போது தெரியவில்லை. பதிவு செய்துகொண்டதோடு சரி.

ஆவுடையம்மாளின் வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம். அவள் ஒரே மகள் மகரஜோதி அந்த பஸ்ஸில் இறந்துபோனாள், எட்டாம் வகுப்பு. கூடவே வந்த ஆவுடையம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்து, இப்போதும் சாய்ந்துதான் நடந்தாள். கணவன் திருப்பூரில். வீட்டில் ஒரு தையல் மிஷினும் அவளும் மட்டும்.

"நல்ல வெயிலு" என்றாள் அவளும். "ஆப்புலயே போட்டிருக்கே. அந்தச் சண்டாளன் தூங்கிட்டான்."

"பஸ்ஸுக்குள்ள எப்படி இருந்துச்சு?"

"இருட்டு. ஒரே இருட்டு. யாரு கையி, யாரு காலுன்னு ஒண்ணும் தெரியல. எம்மவ மஞ்சச் சட்ட போட்டிருந்தா. அந்த மஞ்சளக்கூட என்னால கண்டுபுடிக்க முடியல."

"தண்ணிக்குள்ள போனதாலயா?"

"இல்ல, அதுக்கு முந்தியே இருட்டுதான். ஷட்டரெல்லாம் எறக்கிவிட்டுக் கெடந்துச்சுல்லா?"

பழைய மினிபஸ். ஜன்னல்களுக்குத் தகர ஷட்டர். ஆகஸ்டு மாதம், நிறைய ஆட்களோடு போகும் பஸ்ஸில், வெயில் அடிக்கிற சாயங்காலத்தில் எல்லோரும் காற்றை அடைத்துக்கொண்டு எதற்கு உட்கார்ந்திருந்தார்கள்? செண்பகவல்லி கேட்கவில்லை. கேட்டால் அந்த அளவீடு கெட்டுவிடும். ஆவுடையம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்தாள். அந்த அம்மாள் மகளை இழந்ததைச் சொன்னாள், நாம் ஷட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம் என்று திரும்பும் வழியில் அவளுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு பார்த்த இன்னும் சிலரும் வெயில் என்றும் இருட்டு என்றும் ஒரே மூச்சில் சொன்னார்கள். ஒருவருக்கும் அது இடறவில்லை.

கடைசியாகச் சிறைக்குப் போனாள். சிவகனி வாசல் வரை வந்தாள். "நான் இங்கயே இருக்கேன் மேடம்" என்று வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

பலவேசம் ஒல்லியாக, சவரம் செய்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். அவருக்கு மட்டும்தான் போன் கிடையாது. அவராவது ஆப்பைப் பார்க்காதவர் என்று அவள் நம்பியிருந்தாள்.

"எதுக்கும்மா வீணா சிரமம்?" என்று அவரே ஆரம்பித்தார். "மழை பெய்யலம்மா. நானும் ரெண்டு வருசமா யோசிச்சுப் பாக்கேன். அத்தனை பேரு பெய்யலங்காவ. மிஷினு பெய்யலங்கு. நான் ஒருத்தன் மட்டும் எப்படிச் சரியா இருப்பேன்? கண்ணசந்திருப்பேன். அதை மறைக்கதுக்கு மனசே மழையப் பெய்ய வச்சிருக்கும். எம்மவ வந்தா அவகிட்டச் சொல்லணும்னு இருக்கேன். அவ வரமாட்டேங்கா."

ஏதோ கேட்கவேண்டுமே என்று செண்பகவல்லி கேட்டாள்.

"உங்களுக்குப் புகையிலைப் பழக்கம் உண்டா?"

"கெடையவே கெடையாதும்மா. வெத்தலகூடப் போட மாட்டேன்."

"யார்கிட்டயும் வாங்கினதே இல்லையா?"

"அது வாங்குவோம், வாயில போடதுக்கு இல்ல. எல்லா டிரைவரும் வாங்குவான். வைப்பரு ஓடலன்னா, பொகையிலையக் கசக்கிக் கண்ணாடியில ஒரு தேய்ப்புத் தேய்ச்சா, தண்ணி திட்டுத்திட்டா நிக்காம வழிஞ்சி ஓடிரும். ரோடு தெரியும். மழை நேரத்துல..."

நிறுத்திவிட்டார்.

அவருடைய வலது கை மேஜைமேல் இருந்தது. விரல்கள் மெதுவாக எதையோ கசக்கின. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறொருவர் கை என்பதுபோல.

"சாகுல் பாய்கிட்ட வாங்குனேன்" என்றார். "எறங்கிப்போய்த் தேய்ச்சேன். சட்டையெல்லாம் நனைஞ்சிட்டு. ஏறி உக்காந்ததும் சீட்டு நசநசன்னு... அம்மா, சாகுல் பாய் அன்னைக்கு வண்டியில இருந்தாரா? நான் இதையும் கனாக் கண்டு சொல்லுதேனா?"

அவள் சாகுல் அமீது என்ற பெயரையே சொல்லியிருக்கவில்லை. ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு கருவிகள் ஒரே நிமிடத்தில் ஒரே இடத்தைக் காட்டின. முப்பது வருட வேலையில் இத்தனை சுத்தமான அளவீடு அவள் கைக்கு வந்ததில்லை. அதை எண்ணி மகிழ முடியாதபடி எதிரில் அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

வெளியே வந்து சிவகனியிடம் சொன்னாள். "பொய் சொல்லலை. இப்போதான், மழை பெய்யலைன்னு பொய் சொல்லப் பழகிக்கிட்டிருந்தார்."

சிவகனி எழுந்து வாசல் காவலரிடம் போய்த் தன் அடையாள அட்டையை நீட்டினாள்.

புதிய அளவீடுகளைச் சேர்த்து ஓட்டியபோது ஐம்பதில் முப்பத்தெட்டு வானங்களில் செங்கானூர் வளைவில் மழை கொட்டியது. பிறகு சாலை காயும் அளவுக்கு வெயிலும் அடித்தது. மையம் அந்தக் கணக்கை ஏற்க மறுத்தது. செண்பகவல்லி தன் சொந்தப் பொறுப்பில் மேல்முறையீட்டில் சாட்சி சொன்னாள். மழை பெய்ததா என்று நீதிபதி கேட்டார். பெய்திருக்க வாய்ப்பு அதிகம் என்றாள். ஆமாம், இல்லை என்று சொல்லுங்கள் என்றார். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, 'தெளிவு' என்று சொல்லவும் எங்களுக்கு அதிகாரம் இருந்திருக்கவில்லை என்றாள். அன்றைய வானத்தைத் தீர்மானிக்க முடியாது என்று எழுதிப் பலவேசத்தை விடுவித்தார்கள்.

விடுதலையான அன்று சிவகனி போன் செய்தாள். "அப்பா தூங்குதாரு மேடம்" என்றாள்.

ஆப்பை நம்பித் தீர்ப்பான மற்ற வழக்குகளும் கிளம்பின. ஹரிகேசவன் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிந்தபோது மையம் புதுப்பிக்கவில்லை, வழியனுப்பு விழா என்று எதுவும் வைக்கவில்லை. நம்பகத்தைக் காட்டும் வரியை மட்டும் ஆப்பில் திரும்பச் சேர்த்தார்கள். ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த வரி இல்லாத பழைய ஆப்பை வைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நான் ஆவுடை பேசுதேன். செங்கானூரு."

"சொல்லுங்கம்மா."

"நீங்க என்னத்துக்கு வந்தியன்னு எங்கிட்டச் சொல்லல. மோரு குடுத்தேன், குடிச்சிட்டு, நான் சொன்னதை வச்சே அவன வெளிய கொண்டாந்துட்டிய. இம்புட்டு நாளு திட்டுததுக்கு எனக்கு ஒரு ஆளு இருந்தான். இனிமே நான் யாரத் திட்டட்டும்?"

"என்னைத் திட்டுங்க" என்றாள் செண்பகவல்லி.

"போன்ல திட்டுனா எனக்கு ஆறாது" என்று வைத்துவிட்டாள்.

செண்பகவல்லி அன்றைக்கே டிக்கெட் எடுத்தாள்.

போய்ச் சேர்ந்தபோது முற்பகல். ஆவுடையம்மாள் வாசலில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. செண்பகவல்லி படியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை போனைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"தப்புத்தான்மா. உங்ககிட்டச் சொல்லிட்டுக் கேட்டிருக்கணும். சொன்னா உங்க ஞாபகம் கலைஞ்சிரும்னு சொல்லலை. கணக்குக்கு அது சரி. உங்களுக்குச் சரியில்லை."

ஆவுடையம்மாள் நூலைப் பல்லால் கடித்தாள்.

"திட்டதுக்குத்தான் போன் போட்டேன். வச்சிட்டப் பொறவு வேற ஒண்ணுதான் கேக்கணும்னு தோணிச்சு" என்றாள். "மழை பெஞ்சிதா, இல்லயா? கோர்ட்டுல சொன்னிய பாரு, அதிகம் கிதிகம்னு, அப்படியில்லாம. நெசமாச் சொல்லுங்க."

முப்பத்தெட்டு என்ற எண் செண்பகவல்லியின் நாக்கு வரை வந்தது. அவள் வாழ்க்கையில் எந்த வானத்தைப் பற்றியும் முழுதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"பெஞ்சுது" என்றாள்.

"நெசமா?"

"நெசம்தான்."

ஆவுடையம்மாள் கையிலிருந்த சட்டையை மடியில் வைத்தாள்.

"அவ கைய வெளிய நீட்டிக்கிட்டே வந்தா. மழையப் புடிச்சிப் புடிச்சி எம் மொகத்துல தெளிச்சா. சிரிச்சா. 'சனியனே, காய்ச்ச வரும்'னு கைல ஒரு அடி போட்டு, உள்ள இழுத்து, ஷட்டர எறக்கிவிட்டேன். பொறவு கொஞ்ச நேரத்துல வண்டி..." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஆசுபத்திரில கெடக்கும்போது இது திரும்பத் திரும்ப வரும். மழையே இல்லன்னு ஆப்புல வந்துதா, அப்ப இது ஊசி மருந்து வேகத்துல கண்ட கனான்னு எல்லாரும் சொன்னாவ. நானும் தள்ளிவிட்டுட்டேன். வரும்போதெல்லாம் வராத போன்னு வெரட்டினேன். எம்மவ கடைசியாச் சிரிச்சத நானே வெரட்டியிருக்கேன்."

செண்பகவல்லி படியில் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அடிச்சிட்டேன்" என்றாள் ஆவுடையம்மாள். "கடைசியா அவள அடிச்சிருக்கேன். சிரிச்சிட்டுத்தான் இருந்தா. அடிச்ச பொறவும் சிரிச்சா. கையி என்ன குளுமைங்கிய. ஐஸ்கட்டி கணக்கா இருந்துச்சு."

அழுவாள் என்று செண்பகவல்லி பயந்தாள். அவள் அழவில்லை. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னாள். பிறகு மகளைப் பற்றி வேறு ஏதேதோ சொன்னாள். பூனைக்குப் பயப்படுவாள், கணக்கில் மட்டும் நல்ல மார்க், தலை பின்ன விடமாட்டாள் என்று. வெயில் படியை விட்டு நகர்ந்தது. சென்னை ரயிலைப் பிடிக்க அவள் ஏறவேண்டிய பஸ் தெருவில் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"உங்களுக்கு நேரமாவுதோ?"

"இல்லை" என்றாள் செண்பகவல்லி. "சொல்லுங்க."

பஸ் கிளம்பிப் போயிற்று.